தேயிலை மலையில பேய் வேட்டை: சூனியக்காரி காமிக்ஸ் வரையப் போறவருக்கு ஒரு பதில்

நீங்க கேட்டதைச் சுருக்கினா மூணு கேள்வி. தோட்டம் தோட்டமாப் போய் பேய் வேட்டையாடுற ஒரு சூனியக்காரியை வச்சு ஹாரர் காமிக்ஸ் வரையப் போறீங்க, அதுக்கு எந்தெந்தப் பேயை எடுக்கலாம், அவ அதுகளை எப்படிக் கொல்லணும், நம்ம ஆளுங்க கோவிச்சுக்குவாங்களா. ஆனா கூடப் போட்டிருந்த ரெண்டு ஸ்கெட்ச்சையும், கீழ "என்னமோ ஒட்ட மாட்டேங்குது"ன்னு நீங்க எழுதினதையும் பார்த்தப்போ உண்மையான கேள்வி வேறன்னு பட்டுச்சு. கூர்த்தொப்பி போட்ட பொம்பள, கையில வாள், எதிர்ல கொம்பு வச்ச பூதம், பின்னால நம்ம இலங்கைத் தேயிலை மலை. அந்த மலையை அழிச்சிட்டு ஜெர்மனிக் காட்டை வரைஞ்சாலும் உங்க கதையில ஒரு வசனம் மாறாது. ஒட்டாத இடம் அதுதான் தங்கச்சி. பதில் கொஞ்சம் நீளமா வரும், தேத்தண்ணி ஒண்ணு ஊத்தி வச்சுக்கிட்டு வாசிங்க.

நான் யாருன்னு சொல்லிடுறேன், எதை எவ்வளவு நம்பலாம்னு உங்களுக்கு விளங்கணுமே. ஸ்கூல்ல சித்திரம் படிப்பிக்கிறேன், அதுக்கு முந்தி கொஞ்ச காலம் அச்சகத்துல பக்கம் கட்டுற வேலை. எங்க பெரியப்பா கோடாங்கி, அதாவது உடுக்கை அடிச்சுப் பேயோட்டுறவரு, சின்ன வயசுல அவரோட உடுக்கையைத் தூக்கிட்டு லயம் லயமா, தோட்டத்து வரிசை வீடுங்களாப் பார்த்து, அலைஞ்சவன் நான். அதனால கோடாங்கி சங்கதி நான் சொல்றது கண்ணால பார்த்தது, ஆனா எங்க பக்கத்துத் தோட்டங்கள்ல பார்த்தது, மலையகம் முழுக்க இப்படித்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன். சிங்கள ஆளுங்களோட பேயோட்டுற சடங்கான தொவில் பத்திச் சொல்றதெல்லாம் வெளியில நின்னு பார்த்தவன், வாசிச்சவன் சொல்றது. அதை வரையப் போறீங்கன்னா அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர்கிட்டயும் காட்டிக்கங்க.

முதல்ல தொப்பியைக் கழட்டுங்க. அது ஐரோப்பாவோட சாமான். அங்க 15ஆம் நூற்றாண்டுல இருந்து 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் சூனியக்காரின்னு பழி போட்டு 40,000ல இருந்து 60,000 பேர் வரைக்கும் கொன்னிருக்காங்கன்னு வரலாறு எழுதுறவங்க கணக்குச் சொல்றாங்க, முக்கால்வாசிப் பேர் பொம்பளைங்க. அங்க அவ வேட்டையாடப்பட்டவ, நீங்க அவளை வேட்டைக்காரியா மாத்துறீங்க, அந்த ஐடியா எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா நம்ம பக்கத்துல பேயோட்டுறது பெரும்பாலும் ஆம்பள வேலை. கோடாங்கி ஆம்பள, பூசாரி ஆம்பள. பொம்பளைங்க சாமியாடுவாங்க, குறி சொல்லுவாங்க, ஆனா உடுக்கையைக் கையில எடுத்துக்கிட்டு பேயை உக்கார வச்சுக் கேள்வி கேக்குற பொம்பளையை நான் பார்த்ததே இல்ல. இன்னொரு பக்கம், புருசன் செத்துப்போய் லயத்துக் கடைசிக் காம்பராவுல, அதாவது கடைசி அறையில, தனியா இருக்குற ஒரு கிழவி, யார் வீட்டுலயாவது பிள்ளைக்குக் காய்ச்சல் விடலைன்னா முதல்ல வாயில விழுறது அவ பேருதான், செய்வினை வச்சுட்டாளாம். இது ஏதோ பழைய கதைன்னு நினைக்காதீங்க, இந்தியாவுல பீகார்ல 1999ல இதைத் தடுக்கத் தனியாச் சட்டமே கொண்டு வந்தாங்க, அந்த அளவுக்கு அடிதடி, கொலை. அப்போ உங்க கதாநாயகி ஆம்பளைங்க வேலையைச் செய்றவ, அதுவும் பழி சுமந்த பொம்பள. ராத்திரி பந்தம் புடிச்சிட்டு வந்து கூப்பிடுவாங்க, விடிஞ்சதும் பீலித் தண்ணிக் குழாய்ல அவ தண்ணி புடிக்க வந்தா விலகி நிப்பாங்க. அந்த ரெண்டையும் ஒரே பக்கத்துல மேலயும் கீழயும் வரைஞ்சு பாருங்க, வசனமே வேண்டாம்.

இப்போ கொல்றது. இதுலதான் நான் உங்களோட சண்டை புடிக்கப் போறேன். நம்ம முறையில பேயை யாரும் கொல்றது இல்ல. பேயே செத்த ஆள்தானே, அதை எங்க போய் இன்னொரு தடவை கொல்றது. பேசவைப்பாங்க, பேரைக் கேப்பாங்க, பேரம் பேசுவாங்க, சத்தியம் வாங்கி அனுப்புவாங்க. பெரியப்பா செய்றதை விவரமாச் சொல்றேன், ஏன்னா உங்களுக்கு வரைய வேண்டியது இதுதான். காம்பராவுக்கு முன்னால இஸ்தோப்புல சாணி மெழுகின இடத்துல அந்தப் பொண்ணைக் கிழக்குப் பார்த்து உக்கார வச்சு முடியை அவுத்து விட்டுருவாங்க. நம்ம குளிருக்கும் ஈரத்துக்கும் உடுக்கைத் தோல் தொய்ஞ்சு போயிரும், சத்தம் பொத்துப் பொத்துன்னு வரும், அதனால அடுப்படிக்குப் போய் அதை நெருப்புல காட்டிக் காட்டி, விரலால தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி, அந்த ஒரு வேலைக்கே சரியான நேரம் எடுக்கும், அதுவரைக்கும் யாரும் பேச மாட்டாங்க. எனக்கு ஞாபகம் இருக்குற பயம் அந்த நேரத்துலதான், பேய் வந்ததுக்கு அப்புறம் இல்ல. சூடம் கொளுத்தி, விபூதி போட்டு, உடுக்கை அடிச்சு மாரியம்மனையும் முனியாண்டியையும் கூப்பிட்டுப் பாட ஆரம்பிச்சா கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பொண்ணு தலை சுத்த ஆரம்பிக்கும். அப்புறம் கேள்வி. நீ யாரு. ஆம்பளையா பொம்பளையா. எந்தத் தோட்டம். எப்படிச் செத்த. இவளை எங்க வச்சுப் புடிச்ச, என்ன கொண்டு போனா அப்போ. லேசுல சொல்லாது, பொய் சொல்லும், சாமின்னு சொல்லிக்கூட ஏமாத்தும், அப்போ கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுவாரு, பொய்ச் சாமி அங்க மாட்டிக்கும். பொலிஸ்ல வாக்குமூலம் எடுக்குற மாதிரியேதான். கடைசியில என்ன வேணும்னு கேப்பாரு, கருப்புக் கோழி, சாராயம், சுருட்டு, சில நேரம் ஒரு சீலை. கொடுக்கிறோம், எந்த வழியாப் போற, திரும்பி வர மாட்டேன்னு சொல்லு. உச்சி முடியில ஒரு கொத்தைப் புடிச்சு முடிச்சுப் போட்டு அறுத்து மரத்துல ஆணி அடிக்கிறதோட முடியும்.

ஊருல, அதாவது இந்தியாவுல, இதைப் புளியமரத்துல அடிப்பாங்க. நம்ம மேட்டுத் தோட்டத்துக் குளிருக்குப் புளியமரம் எங்க வளருது. எங்க பக்கத்துல சபுக்கு மரத்துலதான் அடிச்சாங்க. வேப்பிலையும் அப்படித்தான், நுவரெலியாப் பக்கம் வேப்பமரத்தைத் தேடுனாக் கிடைக்காது, கீழ் நாட்டுல இருந்து யாராவது பஸ்ஸுல கொண்டு வந்து கொடுக்கணும். உங்க கதாநாயகி பையில எப்பவும் காஞ்ச வேப்பிலைதான் இருக்கும், பச்சை வேப்பிலை தேவைப்படுற ராத்திரி பஸ் இல்ல, மண்சரிவுல ரோட்டு மூடியிருக்கு. இதைவிட நல்ல இக்கட்டு வாளை வச்சு உண்டாக்க ஏலாது.

இப்ப பாருங்க, வேட்டைங்கிறது விசாரணையா மாறுச்சுன்னா கதையே வேற ஆயிருது. பேய் வாயைத் திறந்தா யாராவது மாட்டுவாங்க. நம்ம நம்பிக்கையில பேய்னா காலம் முடியாம செத்தவங்க, தூக்குப் போட்டவங்க, மருந்து குடிச்சவங்க, பிரசவத்துல போனவங்க, மெசினுல அடிபட்டவங்க. அதுல பாதிக்கு மேல தோட்டத்துக்குத் தெரிஞ்சும் மூடி வச்ச கதை இருக்கும். அப்போ அந்தப் பொம்பளையைப் பார்த்துப் பேய் மட்டுமில்ல, கணக்கப்பிள்ளையும் பயப்படுவான், தலைவரும் பயப்படுவான், சொந்த மாமியாரும் பயப்படுவா. யாரு அவளைத் துரத்தி விடப் பார்க்கிறாங்களோ அவங்ககிட்ட ஒரு பொணம் இருக்கு. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இது ஒண்ணு போதும், நீங்க பெரிய வில்லன் பூதம் எல்லாம் யோசிக்கத் தேவையில்ல.

எதை வேட்டையாடலாம், எதைத் தொடக்கூடாதுங்கிறதுல கவனமா இருங்க, கோவிச்சுக்குவாங்களான்னு நீங்க கேட்டதுக்கும் பதில் இங்கதான் இருக்கு. செத்தவங்க பேய் வேற, காவல் தெய்வம் வேற. முனியாண்டி, மாடசாமி, இவங்க முகம் பயங்கரமாத்தான் இருக்கும், அருவாளும் மீசையும் முழிச்ச கண்ணும், தெரியாதவன் பார்த்தா பூதம்னுதான் நினைப்பான், ஆனா இவங்களை ஓட்டுறதுக்கு யாரும் இல்ல, இவங்களை வச்சுத்தான் மத்ததை ஓட்டுறது. உங்க ரெண்டாவது ஸ்கெட்ச்சுல இருக்குற பூதத்துக்கு மீசையும் அருவாளும் போட்டிருக்கீங்க, அதை முதல்ல மாத்துங்க, இல்லன்னா எங்க தோட்டத்துப் பெருசுங்களே உங்க வீட்டுக்கு வந்துருவாங்க. நம்ம மலையகத்துக்குன்னே பிறந்த சாமிங்களும் இருக்கு. தேயிலை ஸ்டோருல, அதாவது பெக்டரியில, மெசின் ரோதை ஓடுற இடத்துக்கு ரோதமுனி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குறதுக்கு முந்தி கும்புடுற கவ்வாத்துச் சாமி. ரோதமுனி கதையைத் தோட்டத்துக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க, எது மூலக்கதைன்னு தேடிக்கிட்டு இருக்காதீங்க, மெசினுல கை போகாமக் காக்குற சாமின்னு வச்சுக்கிட்டாப் போதும். அந்த ஸ்டோரை மூடிட்டாங்க, ரோதை நின்னு துருப்புடிச்சுப் போச்சு, கும்புட ஆளில்லாத முனி உள்ள இருக்குறாருன்னா அவரு யாரு இப்போ, சாமியா இன்னும்? உங்க ஆளு அந்தக் கதவுக்கு முன்னால செருப்பைக் கழட்டிட்டு நிக்கணும், உதைச்சுத் தள்ளிட்டுப் போகக்கூடாது. செய்வினை மூணாவது சங்கதி, அதுக்குப் பின்னால உயிரோட ஒரு மனுசன் இருக்கான், அதனால அதுக்குத் துப்பறியும் கதை மாதிரி வேற வேகம் வேணும்.

சிங்களப் பக்கத்து யக்குகள் (ஒண்ணுன்னா யக்கா) நம்ம பேய் மாதிரி செத்துப்போன அயலவங்க இல்ல. அவங்களுக்குத் தனிப் பேரு, தனி ராஜா, வெஸமுனி. அவரு கொடுத்த அனுமதிக்கு மேல எந்த யக்காவும் யாரையும் தொட ஏலாது, படையலை எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாப் போயாகணும், அந்தச் சட்டத்தை வச்சுத்தான் அவங்க பேயோட்டுறவரான கட்டடியா வேலை செய்றாரு. மஹாசோனாவை எல்லாரும் சுடுகாட்டு யக்கான்னு மட்டும் வரையுறாங்க. கதைப்படி அவன் ஜயசேனங்கிற பெரிய பலசாலி, துட்டகைமுனு ராஜாவோட வீரன் கோட்டயிம்பரகிட்ட சண்டையில தலை போச்சு, அந்த இடத்துல கரடித் தலையை வச்சாங்க. தன் தலை எங்கேன்னு தெரியாத ஒருத்தனா அவனை வரையுங்க, பாதிப் பயம் அதுலயே வந்துரும். பதினெட்டுச் சன்னி யக்குகளும், நோய்க்கு ஒண்ணுன்னு, முகமூடியோட வர்ற சடங்கு முக்கியமாத் தெற்குக் கரையோரத்துச் சொத்து, அதைக் கொண்டு வந்து நம்ம மலை டவுன் ஹட்டன்ல போடாதீங்க. ஆனா அதுல ஒரு தந்திரம் இருக்கு, யக்கா முதல்ல பயங்கரமா வரும், ராத்திரி போகப் போக அதையே கேலி பண்ணி, கெட்ட வார்த்தை பேசவச்சு, கோமாளியாக்கி, நோயாளியையே சிரிக்க வச்சுருவாங்க. சிரிப்பு வந்தாப் பயம் போச்சு. ஹாரர் காமிக்ஸ்காரங்க இதைச் சும்மா விடக்கூடாது.

கண்டிப் பக்கத்துக்கு உரியது கொஹொம்பா கங்காரியங்கிற சடங்கு. குவேனிங்கிற யக்கினியை விஜயன் கைவிட்டதால வந்த சாபம், சிறுத்தை ரூபத்துல பாண்டுவாசுதேவ ராஜாவைப் புடிச்சு ஆட்டுதாம், அதைத் தீர்க்கக் கடல் தாண்டி மலய ராஜாவைக் கூட்டிட்டு வந்தாங்கன்னு அந்தச் சடங்கோட கதை. இதை ஏன் சொல்றேன்னா, இப்பவும் நம்ம தேயிலைக்குள்ள நிசமான சிறுத்தை திரியுது. கொழுந்து எடுக்கப் போறவங்களுக்கு அது பேய் இல்ல, வேலை செய்ற இடத்து ஆபத்து. செடிக்குள்ள மஞ்சளா ஏதோ அசையுது, அது மிருகமா, கைவிடப்பட்ட ஒருத்தியோட கோவமான்னு வாசிக்கிறவனுக்குக் கடைசி வரைக்கும் சொல்லாதீங்க.

பேய் ஐடியா ஒண்ணு நானே தர்றேன், எடுத்துக்கங்க. ஆள் புடிக்க வந்த கங்காணிமார் நம்ம பாட்டன் பூட்டன்கிட்ட தேயிலைத் தூருல தேங்காயும் மாசிக் கருவாடும் கிடக்குதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்ததா ஒரு பேச்சு இருக்குதே, எல்லா வீட்டுலயும் சொல்லுவாங்க. கோப்பிக் காலத்துல மன்னார்ல இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடந்து வந்து, வாந்திபேதியிலயும் காய்ச்சல்லயும் வழியிலயே செத்தவங்க எத்தனையோ பேர். அதுல ஒருத்தன் செத்தும் நடந்து தோட்டத்துக்கு வந்து சேர்ந்துட்டான். ராத்திரியில தூர் தூராத் தோண்டுறான். காலையில பார்த்தா வரிசையா செடி சாஞ்சு கிடக்கு, பன்னின்னு சொல்றாங்க. அவனுக்கு இன்னும் அந்த மாசித் துண்டு கிடைக்கல. உங்க ஆளு அவனை எப்படி அனுப்புவா? சாராயமும் கோழியும் கேக்குறவன் இல்லையே அவன். நானா இருந்தா அவ கடையில மாசி வாங்கிட்டுப் போய் ஒரு தூருல புதைச்சு வைக்கிற மாதிரி முடிப்பேன், நீங்க வேற யோசிச்சாலும் சரி. (கோப்பிக் காலத்துல வந்தவன் தேயிலையைத் தேடுவானான்னு கணக்குப் பார்க்கிற வாசகர் ஒருத்தர் கட்டாயம் வருவாரு, பேச்சு பிற்காலத்துல சேர்ந்ததுன்னு அவருக்குப் பதில் சொல்லிக்கலாம்.)

ஆனா கிட்டத்துல நடந்த சாவைத் தொடாதீங்க. 2014 அக்டோபர் 29 மீரியபெத்த மண்சரிவு மாதிரி, குடும்பம் குடும்பமாப் போனது, மிச்சம் இருக்குறவங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க. பேய்க் கதைக்கு அதை எடுத்தா நான் உங்க புத்தகத்தை வாங்க மாட்டேன். சாமி விசயத்துல நம்ம சனங்க நீங்க நினைக்கிறதைவிட தாராளம், சிவன் காமனை எரிக்கிற காமன் கூத்துல சிவனையே கோவக்காரனா ஆடவச்சு, ரதியை ஒப்பாரி வைக்க விட்டுப் பார்க்கிற ஆளுங்க. படத்துல ரத்தம் இருக்கு, பிள்ளைங்க கெட்டுப்போகும்னு யாராவது சொல்லுவாங்க, அது எல்லா ஊருலயும் நடந்ததுதான், அமெரிக்காவுல 1954ல இதுக்காகவே ஒரு விதிக்கோவை போட்டு, தலைப்புல ஹாரர்ங்கிற வார்த்தையே வரக்கூடாதுன்னாங்க. அட்டையில வயசைப் போட்டுருங்க, முடிஞ்சுது. இன்னொண்ணு, பேய் புடிச்சதா சொல்லப்பட்ட பொண்ணுங்கள்ல வலிப்பு இருந்தவங்களும் மனசு உடைஞ்சு போனவங்களும் இருந்தாங்க, நிச வாழ்க்கையில அவங்களை முதல்ல டொக்டர்கிட்டத்தான் கூட்டிட்டுப் போகணும். நம்ம ஆளுங்க ரெண்டையும் செய்வாங்க, ஒரே பையில கிளினிக் கார்டும் மந்திரிச்ச எலுமிச்சம்பழமும் கிடக்கும், அதை வரையுங்க.

வரையுற விசயம். உங்க பக்கம் முழுக்கக் கருப்பு. கருப்பு மத்தவங்க ஊரு ஹாரருக்குச் சரி, நம்ம ஊருல பயம் வெள்ளை. மூட்டம் இறங்கினா பத்தடிக்கு அங்கால ஆள் தெரியாது, பக்கத்துல நிக்கிறவ குரல் எங்கயோ இருந்து வரும். அதனால பேப்பரைச் சும்மா விடுங்க. முன்னால ரெண்டு செடியை நல்லா மை போட்டு இலை இலையா வரைஞ்சிட்டு, பின்னால ஒரு கோடும் போடாம விட்டு, அந்த வெள்ளைக்குள்ள கூடை தூக்கின ஒரு உருவத்துக்கு அவுட்லைன்ல பாதி மட்டும். ஒரு கலர் அச்சுக்கு இது செலவும் குறைச்சல். சத்தத்துக்குத் தப்புங்கிற பறையைப் பயன்படுத்துங்க. அந்தக் காலத்துல விடியக்காலையில பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியக் கூடுறதுக்கு, ஆளை எழுப்பினதும் தப்புதான், சாவுக்கு அடிக்கிறதும் தப்புதான், அடி மட்டும் வேற. முதல் அத்தியாயத்துல ரெண்டு அடியையும் எழுத்து வடிவத்துல வேறுபடுத்திக் காட்டிட்டா, பிறகு விடிய நாலு மணிக்குச் சாவு அடி கேக்கும்போது வாசிக்கிறவன் உங்களுக்கு முந்தியே பயந்துருவான்.

வசனம் எழுதுற பலூன்ல எழுத்தைக் குறைங்க. "கேட்டுக்கிட்டிருந்தாங்க" மாதிரி ஒரு சொல்லே முழு வரியைப் புடிச்சிரும், உடைச்சுப் போட்டா அசிங்கம், அதனால பலூனை அகலமா முதல்லயே வரைஞ்சு வச்சிட்டு ஆளை அதுக்குக் கீழ வைங்க, கடைசியில திணிக்காதீங்க. கம்ப்யூட்டர்ல எழுத்துப் போடுறீங்கன்னா, பக்கம் கட்டுற சாப்ட்வேர் இன்டிசைன்ல பத்தி அமைப்புக்குப் போய் வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாத்தாட்டி கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிரிஞ்சு நிக்கும். என்னைக் கேட்டா கையால எழுதுங்க, பேய் பேசுற பலூனுக்கு மட்டும் இடது கையால எழுதிப் பாருங்க.

போன்ல வாசிக்கிறவங்களுக்கு 800 பிக்சல் அகலத்துல நீளப் பட்டையாப் போடலாம், அங்க பயம் இருக்குறது ரெண்டு கட்டத்துக்கு நடுவுல விடுற வெத்து இடத்துல, விரலால இழுக்க இழுக்க ஒண்ணும் வராம இருக்கணும். ஆனா முதல்ல கையில புடிக்கிற புத்தகமா ஒண்ணு செய்ங்க. ஏ4 பேப்பர் நாலை மடிச்சு நடுவுல ஸ்டேப்ளர் அடிச்சா 16 பக்கம், டவுன்ல எந்தப் போட்டோகொப்பிக் கடையிலயும் அடிச்சுத் தருவாங்க. அட்டையை 1ன்னு எண்ணினா பக்கம் திருப்பினதும் கண்ணு விழுறது 2, 4, 6ன்னு இரட்டை எண் வர்ற இடப்பக்கம், பேய் முகம் வரவேண்டியது அங்க, வலப்பக்கத்துக் கடைசிக் கட்டத்துல கேள்வியை மட்டும் நிறுத்துங்க. உங்க ஸ்கெட்ச்சுல பூதம் வலப்பக்கம் நிக்குது, புத்தகத்தை விரிச்ச உடனேயே ஓரக்கண்ணுல தெரிஞ்சிரும். தூர் தோண்டுறவன் கதையை எடுத்தாலும் சரி, வேறயானாலும் சரி, பென்சில் ரஃப் 16 பக்கமும் முடிஞ்சதும் இங்கயே போடுங்க, எந்தெந்த இடத்துல திருப்பணும்னு பார்த்துச் சொல்றேன்.